சிங்கப்பூர் ஆற்றை மீட்ட கூட்டு முயற்சி

குடிநீர், கழிவகற்றல், சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைத் தனித்தனி அலுவலகங்கள் கவனிக்கலாம். ஆனால், ஓர் ஆறு கெட்டுப்போனால் இந்த நான்கும் ஒரே பிரச்சினையாகிவிடுகின்றன. சிங்கப்பூர் ஆறும் காலாங் வட்டாரமும் இதற்கு நல்ல சான்றுகள்.

19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் ஆறுதான் வணிகத்தின் உயிர்நாடி. தொடக்க காலத்தில் சரக்குத் தொங்கான்களில் தென்னிந்தியர்களும் உழைத்தனர். 1970களில் அதே ஆறு கறுத்து, துர்நாற்றம் வீசியது. மிதக்கும் குப்பையை அள்ளினாலும் மீண்டும் சேர்ந்தது. காரணம், அழுக்கு ஆற்றில் உற்பத்தியாகவில்லை. பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவு, தெருவோர அங்காடிக்காரர்கள் கொட்டிய எச்சம், கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகளின் மலம் எல்லாம் கால்வாய்கள் வழியே வந்து கலந்தன. அது சுகாதாரத்திற்கும் பெரும் மிரட்டலாக இருந்தது.

1977 பிப்ரவரி 27ஆம் தேதி அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஓர் இலக்கை முன்வைத்தார். பத்தாண்டுகளில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பதே அது.

சுற்றுப்புற அமைச்சு ஒருங்கிணைப்புப் பொறுப்பை ஏற்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், துறைமுக ஆணையம் எனப் பல அமைப்புகள் கைகோத்தன. ஒருவர் பணி மற்றவர் பணியை நம்பியிருந்தது. புதிய வீடு தயாராகாமல் குடிசையை அகற்ற முடியாது. குடிசை அகலாமல் வாளிக் கழிப்பறையை ஒழிக்க முடியாது. சுமார் 26,000 குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. ஏறக்குறைய 5,000 அங்காடிக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் மாறினர். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம்பெயர்ந்தன.

இதற்குச் சாதாரண மக்களும் விலை கொடுத்தனர். பண்ணைக்காரர்கள் பழகிய தொழிலை விட்டனர். வியாபாரிகள் வாடிக்கையாளர்கள் அறிந்த தெருவைப் பிரிந்தனர். கம்பத்து அண்டை வீட்டார் வெவ்வேறு அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். ஆறு தூய்மையானதில் அவர்களின் பங்கையும் நாம் மறக்கலாகாது.

1987 ஜனவரியில் வாளிக் கழிப்பறை முறை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தூய ஆறுகளின் விழா நடந்தது. இழப்பீட்டைச் சேர்க்காமல், செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி.

கூட்டு முயற்சி அத்துடன் நிற்கவில்லை. 2001இல் கழிவுநீர், வடிகால் பொறுப்புகள் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. குடிநீரையும் கழிவுநீரையும் ஒரே அமைப்பு கவனிக்கத் தொடங்கியது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் சேரும் இடம் நன்னீர்த் தேக்கமானது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது.

ஒருகாலத்தில் கழிவு ஓடிய ஆற்று நீர் இப்போது சுத்திகரிக்கப்பட்டு வீட்டுக் குழாயில் வருகிறது. ஆகவே, கால்வாயில் நாம் வீசும் ஒரு நெகிழிப் பையும் நம் குடிநீரைத் தேடித்தான் போகிறது. துறைகள் ஒன்றுபட்டுச் சாதித்ததைக் காப்பது ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு.