ஆற்றை அளந்த கதை

திருப்பாச்சூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு வடக்கே கொசஸ்தலை, தெற்கே கூவம். கோடையிலே ஆற்று மணலில் முக்காலி நட்டு ஒருவர் கண்ணை வைத்துப் பார்க்கிறார்; இன்னொருவர் கோலைப் பிடித்தபடி நகர்ந்து நகர்ந்து போகிறார். பார்த்ததும், "ரோடு வருதா, நிலத்தை எடுக்கப் போறாங்களா?" என்றுதான் கேட்போம். ஆற்றுப்படுகை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ஆராய்ச்சிக்காக அளப்பதும் உண்டு. அந்த வேலைக்கு நம்ம சீமையிலேயே இருநூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

ஹைதர் அலி சண்டையின்போது, 1781-ல், திருப்பாச்சூர்க் கோட்டையைக் கும்பினிப் படை பிடித்தது. பிடித்த நாட்டுக்குக் கணக்கு வேண்டாமா? 1794-ல் சென்னையில் சர்வே பள்ளிக்கூடம் வந்தது. 1802 ஏப்ரல் 10-ந் தேதி லாம்டன் என்ற அதிகாரி பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டினார். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, சூட்டையும் குறித்துக்கொண்டு, ஏழரை மைல் அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்து, மற்ற இடங்களைக் கோணம் பார்த்தே கணக்கிட்டார்கள். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் கனம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து நொறுங்கிப் போயிற்று. மனுஷன் தளரவில்லை, பல வாரம் உட்கார்ந்து தானே தட்டிச் சரிசெய்தார்!

இப்போது சங்கிலி, தியோடலைட் இரண்டு வேலையையும் 'டோட்டல் ஸ்டேஷன்' என்ற ஒரே பெட்டி செய்கிறது. அது விடும் ஒளி, கோலின் தலையிலுள்ள கண்ணாடிப் பட்டகத்தில் பட்டுத் திரும்பும். தூரமும் கோணமும் உடனே பதிவாகும்.

ஜி.பி.எஸ். வானத்துச் செயற்கைக் கோள்களைக் கேட்டு இடம் சொல்லும். கைபேசியில் இருப்பது சில மீட்டர் தள்ளிக் காட்டும். வரப்புச் சண்டைக்கு அதை நம்பாதீர்கள். உயரத்தில் இன்னொரு வேடிக்கை. இந்தியாவின் தெற்கே பூமியின் இழுப்பு சற்றுக் குறைவு. அதனால் கடல்மட்டமே தாழ்ந்து கிடக்கிறது. திருத்தாத ஜி.பி.எஸ். கணக்குப்படி, சென்னைக் கடற்கரையில் நிற்பவர் பூஜ்யத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே நிற்கிறார்! தண்ணீர் அந்தக் கணக்கைப் பார்த்து ஓடாது. ஆகவேதான் கடல்மட்டத்திலிருந்து உயரம் குறித்த பழைய மட்டக்கல்லைத் தேடி, அதோடு சேர்த்து அளக்கிறார்கள்.

ஒருமுறை அளந்தால் போதாது. கரைக்குக் கரை குறுக்காக, குறித்த அதே கோட்டில், சில வருஷம் கழித்து மறுபடியும் அளக்கணும். அப்போதுதான் படுகை எத்தனை அடி இறங்கிற்று, எங்கே வண்டல் ஏறிற்று என்பது தெரியும். இது நம்ம கிணற்றுச் சமாச்சாரம். மணலை அள்ளிப் படுகை இறங்கினால், கரையோரத்து நிலத்தடி நீரும் பள்ளம் பார்த்து இறங்கிவிடும். ஊற்றுக்கால் தலைப்பு மேட்டிலே நிற்கும், ஆறு கீழே ஓடும். "அந்தக் காலத்தில் மணல் இவ்வளவு உயரம் இருந்தது" என்று வாயால் சொன்னால் யார் ஏற்பார்கள்? இரண்டு வருஷத்து அளவுகளை எடுத்து வைத்தால் பேச்சு வேறே.

1944-ல் கொசஸ்தலையின் குறுக்கே கட்டிய பூண்டி அணைக்கும் இதே கதைதான். வெள்ளத்தோடு வரும் வண்டல் அடியில் தங்கும். அளந்தால்தான் எவ்வளவு கொள்ளளவு போயிற்று என்று தெரியும். பூண்டியிலுள்ள நீரியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆற்றையும் அணையையும் சின்னதாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். அளவு பிசகினால் மாதிரியும் பிசகும்.

ஆகையால் கரையில் எண் எழுதிய கல்லைக் கண்டால் வரப்புக்குப் பெயர்த்துப் போகாதீர்கள். உங்கள் கிணற்றில் சித்திரையில் எத்தனை அடியில் தண்ணீர், கார்த்திகையில் எத்தனை அடியில் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அளக்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.