சீனத்து ஊசி வைத்தியம்: மரபும் மறுபிறப்பும்

அக்குபங்சர் எனப்படும் ஊசி வைத்தியம் ஐயாயிரம் ஆண்டுக்கால முறியாத மரபு என்பது பலரும் எடுத்தாளும் கூற்று. அகழ்வாய்வு தரும் சான்றுகளோ இக்கூற்றுக்கு இடந்தருவனவாக இல்லை. சாங்ஷா நகருக்கு அண்மையிலுள்ள மாவங்துயியில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்றிலிருந்து 1973இல் பட்டுச்சுவடிகள் வெளிப்பட்டன. உடலில் ஓடும் பதினொரு வழிகளை அவை விவரிக்கின்றன. அவற்றிற்குரிய சிகிச்சையாகச் சூடிடுதலைக் கூறுகின்றனவேயன்றி ஊசியைக் கூறவில்லை. கி.மு. 113இல் இறந்த லியூ ஷெங் என்னும் இளவரசனின் கல்லறையிலோ பொன்னூசி நான்கும் வெள்ளியூசி ஐந்தும் கிடைத்தன. பன்னிரு வழிகளையும் ‘ச்சி’ எனும் உயிர்ச்சத்தியின் ஓட்டத்தையும் முறைப்படுத்திய ‘மஞ்சட் பேரரசரின் உள்நூல்’ தொகுக்கப்பட்டதும் ஏறத்தாழ இக்காலத்தையொட்டியே. ஆகவே ஈராயிரம் ஆண்டுத் தொன்மை கொள்ளத்தக்கது. அதற்கு மேற்பட்டது ஆர்வத்தின்பாற்பட்டது.

சொங் அரசர் காலத்தில் இக்கலை அரசின் ஆதரவைப் பெற்றது. 1027இல் வாங் வெய்யி ஆளுயர வெண்கலப் படிமங்கள் இரண்டை வார்ப்பித்தார். துளைகளை மெழுகால் மறைத்து, உள்ளே நீர் நிரப்பி மாணாக்கரைச் சோதித்தனர் என்பர். ஊசி உரிய புள்ளியிற் புகுந்தால் நீர் கசியும். இத்துணைச் சிறப்புற்ற கலையை 1822இல் அரச வைத்தியக் கழகமே கைவிட்டது. மன்னர் திருமேனியில் ஊசி ஏற்றுதலும் சூடிடுதலும் தகாதன என்பது கூறப்பட்ட காரணம். 1929இல் சீன வைத்தியம் முழுவதையும் ஒழிக்கும் முன்மொழிவு நான்கிங் அரசின் சுகாதாரக் குழுவிலே எழுந்தது.

வீழ்ச்சியுற்ற இம்முறையை மீட்டவருள் செங் தான்-ஆன் (1899–1957) முதன்மையானவர். குருதி வடிக்கவும் சீழ்க்கட்டி கீறவும் பயன்பட்ட பழைய கருவிகளை விடுத்து, மெல்லிய ஊசியையே அவர் போற்றினார். புள்ளிகளை இரத்தக் குழாய்களிலிருந்து விலக்கி, நவீன உடற்கூற்றியல் கூறும் நரம்புகளோடு இணைத்து விளக்கினார். இன்று தொன்மை எனப் போற்றப்படுவதிற் பெரும்பகுதி இவர் தலைமுறையின் ஆக்கமே. 1949இன் பின்னர், வைத்தியர் பற்றாக்குறைமிக்க நாட்டில், மாவோவின் அரசு அதனை நிறுவனப்படுத்தியது.

மேனாட்டார் கவனத்தை அது ஈர்த்த கதை பெரிதும் திரிந்து வழங்குகின்றது. 1971 ஜூலையில் பீக்கிங் சென்ற ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரனுக்குக் குடல்வளரி அகற்றப்பட்டது. ஊசி குத்தியே வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்தனர் என இன்றும் சொல்லப்படுகின்றது. உண்மை அதுவன்று. வழக்கமான விறைப்பு மருந்தே ஏற்றப்பட்டது; பின்னர் தோன்றிய வயிற்றுப் பொருமலுக்கே வலது முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் ஊசிகள் இடப்பட்டன. அவர் எழுதியதும் அவ்வளவே. எழுதாததைப் படித்தவர்களே சேர்த்துக்கொண்டனர்!

ஊசி எவ்வாறு தொழிற்படுகின்றது? ‘ச்சி’ பாயும் வழிகள் எவற்றையும் உடற்கூற்றியலார் கண்டிலர். ஆயினும், ஊசியாற் பெற்ற வலித்தணிவை அபினெதிர் மருந்தாகிய நலொக்சோன் குறைத்தமையை மேயரும் சகாக்களும் 1977இல் அறிவித்தனர். மூளை தானே சுரக்கும் அபின்போன்ற பொருள் 1975இலேயே இனங்காணப்பட்டிருந்தமையால் இம்முடிவு பெரிதும் வரவேற்கப்பட்டது. ஆயின் அது புள்ளிகளை மெய்ப்பிக்கவில்லை.

ஜேர்மனியில் 1162 முதுகுவலி நோயாளரிடம் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வே இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. வாரம் இருமுறை, ஏறத்தாழ அரைமணி நேரமாகப் பத்து அமர்வுகள். ஓரளவு பயன் கண்டோர்க்கு மேலும் ஐந்து. ஊசியேறும் இடத்தில் மந்தமான வலியும் கனமும் விறைப்பும் தோன்றும். சிறு கன்றலும் தலைச்சுற்றும் நேரலாம். மார்பில் ஆழக் குத்தினால் நுரையீரல் துளைபடுவதும் அரிதாக நிகழ்ந்ததுண்டு. ஆறு மாதத்தின்பின் மரபுப் புள்ளிகளில் ஊசி பெற்றோருள் 47.6 வீதத்தினர் பயனடைந்திருந்தனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோருள் 44.2 வீதத்தினர், மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றோருள் 27.4 வீதத்தினர் மட்டுமே. வெண்கலப் படிமத்தின் துளைகள் ஏறக்குறையப் பொருளிழந்தன. ஊசியோ வழக்கமான சிகிச்சையை விஞ்சி நின்றது. நாட்பட்ட முதுகுவலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்வுக்கும் ஊசி வைத்தியச் செலவை ஏற்க அந்நாட்டின் நோய்க்காப்புறுதி நிர்வாகம் 2006இலேயே தீர்மானித்துவிட்டது.