கைக்கெட்டிய வசனம்: ஒரு வீட்டு வரலாறு

எங்க வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மூடியில் இருந்த படம் எப்போதோ அழிந்துவிட்டது. அதில் பிஸ்கட் இருந்த காலம் எனக்கு நினைவில்லை. விரல் நீளத்துக்கு நறுக்கிய காகிதத் துண்டுகள்தான் எப்போதும் இருக்கும். ரேஷன் ரசீதின் பின்பக்கம், பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாள், கிழித்த காலண்டர் என்று எது கிடைத்ததோ அதில் அம்மா பென்சிலால் எழுதி வைத்த பைபிள் வசனங்கள். காய்ச்சலுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று, பயத்துக்குப் பல.

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது இந்த டப்பாதான் நினைவுக்கு வந்தது. வேத வசனத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எப்படி வந்தது, அது ஒரு தமிழ்த் தொழிலாளியின் சட்டைப்பை வரை எப்படி நடந்து வந்தது என்று பார்த்தால், அதற்குள் நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு கதை இருக்கிறது. எந்தச் சமயத்து அன்பரானாலும் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

கழுத்தில் தொங்கிய வசனம்

1979-ல் எருசலேம் நகரை ஒட்டிய கெத்தேப் இன்னோம் என்ற இடத்தில், பழைய கல்லறை ஒன்றிலிருந்து இரண்டு சிறிய வெள்ளித் தகட்டுச் சுருள்களை எடுத்தார்கள். மெல்லப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கீறியிருந்தது, எண்ணாகமம் 6-ம் அதிகாரத்தில் வரும் ஆசீர்வாதத்தை ஒட்டிய சொற்கள். ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமை. கழுத்தில் கோத்து அணிந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. நம்ம ஊர்த் தாயத்து போலவே!

உபாகமம் 6-ம் அதிகாரம் இறைவாக்கைக் கையில் கட்டிக்கொள்ளவும் வாசல் நிலைகளில் எழுதவும் சொல்கிறது. யூதர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள். நிலைக்காலில் பதிக்கும் சிறு கூட்டுக்குள் வசனம் எழுதிய தோல் சுருள் இருக்கும்.

நான்காம் நூற்றாண்டில் பேசிய யோவான் கிறிசோஸ்தோம் என்ற பேராயர், பெண்களும் குழந்தைகளும் சுவிசேஷத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வதைக் குறிப்பிடுகிறார். அதை மனசில் எழுதிக்கொள்ளுங்கள் என்பதே அவர் உபதேசம். வசனம் உடம்பில் இருந்தால் போதுமா, உள்ளத்தில் இருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு 1,600 வயசுக்கு மேல் ஆகிறது.

எண் போட்ட பிறகு

இன்று "சங்கீதம் 23:4" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூலத்தில் இந்த எண்கள் கிடையாது. அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று வழங்கும் வசன எண்களைப் போட்டவர் இராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர். ஆண்டு 1551. எண் வந்த பிறகுதான் ஒரு வசனத்தைத் தனியாக எடுத்து, விலாசம் எழுதிய கடிதம் போலக் கைமாற்றுவது சுலபமாயிற்று.

தமிழில் இந்தச் சொல்லுக்கும் ஒரு தனிப் பயணம் உண்டு. புலவர்களுக்கு வசனம் என்றால் செய்யுள் அல்லாத உரைநடை. சினிமாக்காரர்களுக்கு அது பாத்திரம் பேசும் பேச்சு. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எண் போட்ட ஒரு வேத வாக்கியம். "இன்னிக்கு என்ன வசனம்?" என்று எங்க லைன் வீடுகளில் கேட்டால் யாரும் சினிமாவை நினைக்க மாட்டார்கள்.

தரங்கம்பாடியும் ஆலேயும்

1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஜெர்மனியின் ஆலே நகரிலிருந்து 1713-ல் தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை; காகிதத்தை நிறையத் தின்றன. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை அதற்காக உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றில் முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். சீகன்பால்கு 1719-ல் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை வந்திருந்தார். மிச்சத்தை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. 1728-ல் வேலை நிறைவேறியது.

ஆலே நகரம் பக்தி இயக்கத்தின் நடுமையம். "ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம்" என்ற வழக்கமும் அந்த இயக்கத்தாரிடையேதான் செழித்தது. அவர்களில் ஒருவரான பொகாட்ஸ்கி, நாளுக்கொரு வசனமாகத் தொகுத்த பொன் பெட்டகம் போன்ற சிறு நூலை 1718-ல் வெளியிட்டார். எர்ன்ஹுட் என்ற ஊரிலிருந்த மொரேவியச் சகோதரர்கள் 1728-ல் அன்றன்றைய வாக்கை வீடு வீடாகச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கி, 1731 முதல் ஆண்டுப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். இன்றும் அது ஆண்டுதோறும் வருகிறது. அந்த மொரேவியரில் சிலர் 1760-ல் தரங்கம்பாடிக்கே வந்து குடியிருந்தார்கள்.

நம்ம வீடுகளில் இருக்கும் வாக்குத்தத்தப் பெட்டி, வசனக் காலண்டர், புது வருஷ ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டை எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே.

வாயில் இருந்தது, பிறகு கண்ணுக்கு வந்தது

ஒன்றை மறக்கக் கூடாது. அச்சாகிவிட்டால் மட்டும் வசனம் ஏழையின் கைக்கு வந்துவிடாது. புத்தகம் விலை கூடியது. படிக்கத் தெரிந்தவர் கொஞ்சம். எனவே நெடுங்காலம் வசனம் வாயில்தான் இருந்தது. உபதேசியார் சொல்லச் சொல்ல ஜனங்கள் திரும்பச் சொன்னார்கள். ஓலையில் எழுதாமல் காதால் கேட்டே பாடம் பண்ணுவது நமக்குப் புதிதா என்ன? கந்த சஷ்டி கவசத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லும் பாட்டிமார் எத்தனை பேர்!

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் "பைபிள் உமன்" என்ற ஊழியப் பெண்கள் வீடுகளுக்குப் போனார்கள். வசனம் சொல்லிக் கொடுத்ததோடு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே போகாத பெண்கள் பலருக்கு முதல் பள்ளிக்கூடம் அந்தத் திண்ணைதான்.

மொழியும் மாறிக்கொண்டே வந்தது. 18-ம் நூற்றாண்டில் பப்ரிசியு ஐயர் "பராபரன்" என்று எழுதினார். ஹென்றி பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871-ல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு "தேவன்" என்றது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு "கடவுள்" என்கிறது. கிருபை அங்கே அருள், இரட்சிப்பு அங்கே மீட்பு. ஆனாலும் மனப்பாடம் பண்ணினவர்கள் லேசில் மாற மாட்டார்கள். புதுப் பதிப்பு வந்த பிறகும் லூத்தரன் சபையார் பப்ரிசியுவின் பைபிளை நெடுநாள் விடவில்லை. நாக்குக்குப் பழகின வசனம்தான் அவசரத்துக்கு உதவும்.

தங்கவயலில்

எங்க தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்கம் தொடங்கியது முதல் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஜனங்கள் வந்தபடி இருந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போனது. ஆழம் போகப் போகப் பாறை சூடு. அழுத்தம் தாங்காமல் சில நேரம் பாறை வெடிக்கும். லைனில் இருக்கும் வீடுகளே அதிரும். பாத்திரம் உருளும். அடுத்த நிமிஷம் எல்லாப் பெண்களும் வாசலில் நிற்பார்கள்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது படிக்கத் தெரியாது. சபையில் ஊழியம் செய்த ஒரு அம்மா மத்தியான வேளைகளில் வந்து, சங்கீதப் புத்தகத்தை வைத்தே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொடுத்தார்களாம். அந்த டப்பாவின் அடியில் இருக்கும் துண்டுகளில் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ண, ன குழப்பம் இருக்கும். மேலே வர வர எழுத்து நேராகிக்கொண்டே வரும். ஒரு பெண் படிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு அந்த டப்பாவுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன் அம்மா ஒரு துண்டு எடுத்து அப்பா சட்டைப்பையில் வைப்பாங்க. பெரும்பாலும் சங்கீதம் 121. வெளியே போகிறவனும் திரும்பி வருகிறவனும் காக்கப்படுவதைச் சொல்வது. அப்பா கோயிலுக்கு அதிகம் போகாதவர். "காகிதம் பாறையைத் தாங்குமா?" என்று சிரிப்பார். ஆனால் எடுத்துப் போடவும் மாட்டார்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஊதிய சங்கு நின்றது. அப்பா விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய்ச் செக்யூரிட்டி வேலை பார்த்து, ராத்திரி திரும்பி வந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் போய் வந்தார்கள். பாறை விழுமென்ற பயம் போய், வாடகை, ஃபீஸ், மருந்து என்ற பயம் வந்தது. அம்மா டப்பாவிலும் வசனங்கள் மாறின. நாளைக்கு என்ன உண்போம் என்று கவலைப்படுவதைப் பற்றிய மத்தேயு 6-ம் அதிகாரம் அடிக்கடி வெளியே வந்தது. அப்பா காலமான பிறகு அவருடைய சீசன் டிக்கெட் கவரைப் பிரித்தேன். நான்காக மடித்து, மடிப்பு இற்றுப்போன ஒரு துண்டு உள்ளே இருந்தது. சுரங்கம் மூடியும் அவர் வைத்திருந்தது சங்கீதம் 121-ஐத்தான்.

தாயத்தா, துணையா?

அப்படியானால் இது தாயத்துதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் குறியாகக் கொள்வோர் எல்லா ஊரிலும் உண்டு. நம் சைவ மரபில் திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பது இதற்கு உறவான வழக்கம். சஞ்சலப்பட்ட மனசு ஒரு சொல்லைத் தேடுவது மனித இயல்பு.

ஆனால் ஒரு வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுத்தால் அர்த்தம் சுருங்கும் ஆபத்தும் உண்டு. வாக்குத்தத்தப் பெட்டிகளில் ஆறுதலும் ஆசீர்வாதமும் நிறைய; ஏழையின் கூலியைப் பிடித்து வைப்பவர்களை யாக்கோபு தன் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் கண்டிப்பது எந்த அட்டையிலும் வந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் டப்பாவில் அது உண்டு. கடையில் வாங்கிய பெட்டிக்கும், தானே படித்து, தானே தேர்ந்து, தன் கையால் எழுதிய டப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம்பர் மட்டும் போதுமா?

இரண்டு வருஷம் முன்பு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தாங்க. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, என் மகளிடம், "ஒண்ணு எடுத்துப் படிடி கண்ணு" என்றாங்க.

பெங்களூரில் பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாட்டி, எனக்குத் தமிழ் ரீடிங் வராது. நம்பர் மட்டும் தெரியுது."

"சரி, நம்பரைச் சொல்லு."

"ஒன் ட்வென்டி ஒன்."

அது போதும். பைபிளில் 121-ம் அதிகாரம் உள்ள புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அம்மா அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தாங்க. மகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அம்மா மெதுவாகக் கேட்டாங்க: "நான் இல்லன்னா இந்த நம்பரை வச்சுக்கிட்டு என்னடி பண்ணுவே?"

அந்தக் கேள்வி அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். தப்பு என்னுடையது. வீட்டில் தமிழ் பேசினால் போதும் என்று இருந்துவிட்டேன். படிக்காத அம்மா ஒரு தலைமுறையில் எட்டிப் பிடித்த எழுத்தை, படித்த நான் ஒரு தலைமுறையில் நழுவவிட்டேன். ஒவ்வொரு காலையும் கைபேசிக்கு வசனம் வருகிறது, படம் போட்டு, பூப்போட்டு. தமிழ் என்றால் மகள் அதைத் தள்ளிவிட்டுப் போகிறாள். கைக்கெட்டுவது என்றால் கையில் இருப்பது மட்டுமல்லவே.

திருக்குறள் வைத்திருக்கும் வீட்டிலும், தேவாரம் வைத்திருக்கும் வீட்டிலும், அலமாரியில் குர்ஆனின் தமிழ் உரை இருக்கும் வீட்டிலும் இதே சங்கடம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆபத்துக்கு உதவும் சொல் அலமாரியில் இருக்கும். பிள்ளைக்கு அதன் பூட்டைத் திறக்கத் தெரியாது.

அடுத்த ஜூனில் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவளைச் சேர்த்தேன். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பென்சில் எழுத்து மங்கி வருவதால், டப்பாவில் இருப்பதை ஒரு நோட்டில் பேனாவால் எழுதச் சொல்லியிருக்கிறாங்க பாட்டி. இதுவரை பத்தொன்பது ஆகியிருக்கிறது. அவளுக்கும் ண, ன குழப்பம் இருக்கிறது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாங்க.