பாஸுக்கும் ஒரு கணக்கு: கிரெட்ஸ்கியும் தன்ராஜும்

அம்பாங்கில் குடியிருப்பவருக்கு இரண்டு ஹாக்கியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எல்.ஆர்.டி. ஏறி சான் சோவ் லின்னில் வண்டி மாறினால் புக்கிட் ஜாலில். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய தேசிய ஹாக்கி அரங்கம் அங்கே இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு நெரிசலில் மல்லுக்கட்டி சன்வே பிரமிட்டுக்குப் போனால், பேரங்காடிக்குள்ளேயே பனித்தளம். மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு, வெளியே அடிக்கிற வெயிலை மறந்து, தலைக்கவசமும் முழங்கால் கவசமுமாகச் சிறுவர்கள் சறுக்குவதைப் பார்க்கலாம்.

ஐஸ் ஹாக்கி நமக்கு இன்னும் விருந்தாளி ஆட்டம்தான். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது, டாமன்சாராவில் ஆடினார்கள், தங்கம் பிலிப்பைன்ஸுக்குப் போனது. திடல் ஹாக்கியோ நம் வீட்டுப் பிள்ளை. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் என்ற பெயர்களை ஒரு தலைமுறை மனப்பாடமாகவே வைத்திருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குக் கோல் காவலர் குமார் சுப்ரமணியத்தையும் குகன் சண்முகநாதனையும் தெரியும்.

இரண்டு ஆட்டத்திலிருந்தும் ஒவ்வொரு ஆளை எடுத்து அருகருகே நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஐஸுக்கு வெய்ன் கிரெட்ஸ்கி. அதில் பேச்சுக்கே இடமில்லை. திடலுக்குத் தயான் சந்தைச் சொல்வதுதான் வழக்கம். நான் தன்ராஜ் பிள்ளையை எடுக்கிறேன். அப்பா நாகலிங்கம், அம்மா ஆண்டாளம்மா; புனே பக்கத்தில் கட்கியில் இருந்த தமிழ்க் குடும்பம். அதைவிட முக்கியமான காரணம், அவர் இந்த ஊரிலேயே ஆடியவர். பேங்க் சிம்பானான் நேஷனலுக்கும் டெலிகோம் மலேசியாவுக்கும் ஆடியிருக்கிறார். 2002 உலகக் கிண்ணத்துக்கு இங்கே வந்தார். 2003இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியக் கிண்ணத்தின் இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன்.

இருவர் கதையும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. கனடாவின் பிரான்ட்ஃபோர்டில் வால்டர் கிரெட்ஸ்கி வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்து மகனுக்குப் பனித்தளம் போட்டார். பத்து வயதில் அந்தப் பையன் ஒரே பருவத்தில் 378 கோல் அடித்தான். கட்கியில் தன்ராஜின் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையின் திடலைப் பராமரித்தவர். உடைந்த மட்டையும் யாரோ கழித்துப்போட்ட பந்தும்தான் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. புழுதித் தரையில் இந்திய வீரர் முகமது ஷாகித்தைப் போல ஆடிப் பார்த்துப் பழகினார் தன்ராஜ். ஒருவருக்குப் பனியும் இன்னொருவருக்குப் புழுதியும் வாத்தியார்.

அந்தத் தரைதான் இருவர் திறமையையும் வேறு வேறு பக்கம் வளர்த்தது. எடையில் பார்த்தால் திடல் ஹாக்கிப் பந்துக்கும் ஐஸ் ஹாக்கியின் பக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் ஏறக்குறைய 160 கிராம். உருண்டு வரும் பந்தை மட்டையின் தட்டையான ஒரு பக்கத்தால் மட்டுமே தொடலாம். வழுக்கி வரும் கறுப்பு ரப்பர் வட்டை மட்டையின் இரு பக்கத்தாலும் ஆளலாம். ஹாக்கித் திடல் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர். வட அமெரிக்கப் பனித்தளம் சுமார் 61 மீட்டருக்கு 26 மீட்டர். மூன்றில் ஒரு பங்கு இடம்கூட இல்லை. அதற்குள் இரு தரப்பிலும் கோல் காவலரைச் சேர்த்து ஆறாறு பேர், அதுவும் ஓடுவதைவிட அதிக வேகத்தில். முட்டி மோதித் தள்ளுவதற்கும் விதி இடம் தருகிறது. ஒருவர் முக்கால் நிமிடம் ஆடினாலே மூச்சு வாங்கிப் பெஞ்சுக்குத் திரும்புவார்.

இதில் கிரெட்ஸ்கி ஒல்லி ஆள். வேகத்திலும் அவர் முதல்வர் அல்ல, அடியின் வலுவிலும் அல்ல. மோதல் வந்தால் பார்த்துக்கொள்ள அவருடைய எட்மன்டன் அணியில் டேவ் செமென்கோ போன்ற முரடர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவருடைய தனி வித்தை நின்றுவிடுவது. பக்கோடு வலது ஓரமாக எதிரியின் நீலக்கோட்டைத் தாண்டுவார். தடுப்பாளர்கள் கோலைக் காக்கப் பின்வாங்கிச் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வேளையில் இவர் சட்டென்று சுவர்ப்பக்கம் வளைந்து திரும்பி நிற்பார். எல்லோரும் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருக்க இவருக்கு மட்டும் நாலைந்து மீட்டர் காலியிடம் கிடைக்கும். பின்னாலிருந்து தாமதமாக வரும் ஆள், பெரும்பாலும் பால் காஃபி, முழு வேகத்தில் வந்து சேர்வதற்கும் பக் அவர் மட்டைக்குப் போவதற்கும் சரியாக இருக்கும்.

இன்னொரு வித்தை கோல் வலைக்குப் பின்னால். ஐஸ் ஹாக்கியில் கோலுக்குப் பின்னாலும் ஆடுகளம் உண்டு. கிரெட்ஸ்கி அங்கே போய் நின்றுகொள்வார். தடுப்பாளர் இடப்பக்கம் வந்தால் இவர் வலப்பக்கம், வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம். சின்னப் பிள்ளைகள் தூணைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவதுபோல. கோல் காவலர் முன்னால் வருகிறவனைப் பார்ப்பதா, முதுகுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்ப்பதா என்று தத்தளிப்பதற்குள் பக் சக ஆட்டக்காரர் யாரி குர்ரியின் மட்டைக்குப் போய்விடும். அந்த இடத்துக்கு ‘கிரெட்ஸ்கியின் ஆபீஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது.

திடலில் இதற்கெல்லாம் வழியே இல்லை. கோலுக்குப் பின்னால் பந்து போனால் ஆட்டம் நின்றுவிடும். ஓரச் சுவரும் கிடையாது. அரைவட்டமான ‘டி’க்குள் வந்து தொட்டால்தான் கோல். ஆக, யாராவது ஒருவர் பந்தை டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தன்ராஜ் அந்த ஆள். நீண்ட தலைமுடி பறக்க, பந்தை உடம்புக்கு முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு பாய்வார். எதிரி மட்டையை நீட்டும் கணத்தில் பந்தை ஒரு சாண் நகர்த்தி ஆளைத் தாண்டுவார். மூன்று பேரைத் தாண்டினால் நாலாவது ஆள் வேறு வழியில்லாமல் காலையோ மட்டையையோ குறுக்கே போடுவார். நடுவர் ஊதுவார். பெனால்டி கார்னர்!

அதற்குப் பிறகு தன்ராஜ் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். அடிக்க வேறொருவர் வருவார். கோல் விழுந்தால் ஆட்டக் குறிப்பேட்டில் ஏறுவது அடித்தவர் பெயர் மட்டும். கார்னரை வாங்கிக் கொடுத்தவர் பெயருக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இந்த ஒப்பீட்டில் என்னைப் பிடித்து நிறுத்தும் இடம் இதுதான். ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் விழுந்தால் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வழிசெய்த பாஸுக்கும் ஒரு புள்ளி. அதற்கு முந்திய பாஸுக்கும் பெரும்பாலும் ஒரு புள்ளி. கோலும் அசிஸ்ட்டும் சம எடை. கிரெட்ஸ்கி தேசிய ஹாக்கி லீக்கில் 1,487 ஆட்டங்களில் 894 கோல், 1,963 அசிஸ்ட், மொத்தம் 2,857 புள்ளி. மொத்தப் புள்ளியில் இரண்டாம் இடத்தில் இருக்கும் யாரோமிர் யாகருக்கு 1,921. கிரெட்ஸ்கி வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், வெறும் பாஸை மட்டும் எண்ணினாலும், அவர்தான் முதல் ஆள். 1985-86 பருவத்தில் 52 கோலும் 163 அசிஸ்ட்டுமாக 215 புள்ளி எடுத்தார். அந்த 163ஐ மட்டும் வைத்தே அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்திருப்பார்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி அலெக்ஸ் ஒவெச்கின் 895ஆவது கோல் அடித்து அவருடைய கோல் சாதனையை முறியடித்தார். கொண்டாட்டம் பெரிதாக நடந்தது. ஆனாலும் ‘இனி ஒவெச்கின்தான் எல்லாரையும்விடப் பெரிய ஆள்’ என்று அடித்துச் சொன்னவர்கள் குறைவு. பாஸையும் எண்ணி வைத்திருந்த கணக்குப் புத்தகம் கிரெட்ஸ்கியைக் காப்பாற்றியது.

தன்ராஜுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. 339 ஆட்டம் என்கிறார்கள். கோல் 170 சொச்சம் என்று சொல்லப்படுகிறது. அதைக்கூட இந்திய ஹாக்கிச் சம்மேளனம் முறையாகக் குறித்து வைக்கவில்லை. அசிஸ்ட்டையும், வாங்கிக் கொடுத்த கார்னர்களையும் கேட்கவே வேண்டாம். அதே காலத்தில் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் பெரும்பாலும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடித்தே 348 கோல் குவித்தார். அப்பாஸின் மணிக்கட்டு அபூர்வமானது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தக் கார்னர்களை ஓடி வாங்கிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று எந்தப் பட்டியலைப் புரட்டுவது?

நம் ஊர்க் கதைக்கே வருவோம். 1975 உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா நெதர்லாந்தை 2-1 என்று சாய்த்து அரையிறுதிக்குப் போனது. இரண்டு கோலும் பூன் ஃபூக் லோக் அடித்தவை. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மலரும். அணித் தலைவர் ஸ்ரீ சண்முகநாதனும் மகேந்திரனும் அந்தப் போட்டி முழுக்கப் பந்தை முன்னால் கொண்டுபோக எவ்வளவு உழைத்தார்கள் என்பதற்குப் பார்த்தவர் வாய்ச்சொல்தான் சாட்சி.

அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மாற்று ஆளாக வந்த அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரை அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட்டார். அந்தக் காலத்துக் கார்னரில் ஒருவர் கோட்டிலிருந்து தள்ளிவிட வேண்டும், இன்னொருவர் கையால் பந்தைத் தரையோடு அமுக்கி நிறுத்த வேண்டும், மூன்றாமவர் அடிக்க வேண்டும். நிறுத்தும் கை ஒரு அங்குலம் தவறினால் அடிக்கவே பந்து இருக்காது. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலைக்கு வரலாறு ஒருவர் பெயரைத்தான் எழுதி வைத்தது. (இறுதியாட்டத்தில் அசோக் குமார் அடித்த வெற்றிக் கோலில் பந்து உள்ளே போனதா இல்லையா என்று பாகிஸ்தான் இன்றைக்கும் கேட்கும். கோல்தான் என்று ஊதியவர் நம் மலேசிய நடுவர் விஜயநாதன். நடுவருக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது, திட்டுவதற்காகவாவது!)

அசிஸ்ட் கணக்கு அப்பழுக்கில்லாதது என்று சொல்ல வரவில்லை. இரண்டாவது அசிஸ்ட் பல சமயம் சும்மா கிடைப்பது. தன் பக்கத்திலேயே பக்கைத் தட்டிவிட்டு நின்றவருக்கும் ஒரு புள்ளி. 1980களின் தொடக்கத்தில் அந்த லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய எட்டுக் கோல் விழுந்தது. கோல் காவலர்களின் கவசமும் இன்றுபோல் பெரிதல்ல. கிரெட்ஸ்கியின் எண்களில் காலத்தின் கொடையும் கலந்திருக்கிறது. மாரியோ லெமியூ புற்றுநோயும் முதுகுவலியும் இல்லாமல் முழுசாக ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி வேறு இருக்கிறது. பாபி ஓர் தடுப்பாளராக இருந்துகொண்டே இரண்டு முறை புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். முழங்கால் கெட்டுப்போகாவிட்டால் இந்தக் கட்டுரையே அவரைப் பற்றியதாக இருந்திருக்கும். ஆனாலும் குறையுள்ள கணக்கு ஒன்று இருப்பது, கணக்கே இல்லாததைவிட மேல். சண்டை போடவாவது ஒரு தாள் கையில் இருக்கும்.

தாள் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். 1988 ஆகஸ்டில் எட்மன்டன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸுக்கு விற்றபோது, அரசாங்கம் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே குரல் கொடுத்தார். ஓய்வுபெற்ற பிறகு 99ஆம் எண் சட்டையை லீக்கில் எந்த அணியிலும் யாரும் போடக் கூடாது என்று ஆக்கினார்கள். தன்ராஜ் 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த கேப்டன். ஊர் திரும்பியதும் அடுத்த தொடருக்கான அணியில் அவர் பெயர் இல்லை. ‘ஓய்வு கொடுத்திருக்கிறோம்’ என்றது சம்மேளனம். 2004 ஏதென்ஸ் அவருடைய நாலாவது ஒலிம்பிக்ஸ். அங்கே பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே அவருடைய சர்வதேச ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

பெஞ்சு கிரெட்ஸ்கியையும் விடவில்லை. அதே 1998, பிப்ரவரியில் நகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸ். அரையிறுதியில் கனடாவும் செக் குடியரசும் 1-1 என்று சமநிலை. அணிக்கு ஐந்து தனி வாய்ப்பு கொடுத்து முடிவு காண வேண்டிய கட்டம். பயிற்றுநர் மார்க் கிராஃபோர்டு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் தடுப்பாளர் ரே போர்க்கும் ஒருவர். கிரெட்ஸ்கி இல்லை. தனியாகப் போய் அடிக்கும் அந்த ஆட்டத்தில் பாஸ் வாங்க ஆள் ஏது, அத்தனை அசிஸ்ட்டும் எதற்கு உதவும் என்று பயிற்றுநர் நினைத்திருக்கக்கூடும். ஐவரையும் டொமினிக் ஹாஷெக் தடுத்துவிட்டார். செக் தரப்பில் ராபர்ட் ரைக்கல் போட்ட ஒரே அடியில் கனடா வெளியேறியது. எல்லோரும் அறைக்குப் போன பின்னும் 37 வயது கிரெட்ஸ்கி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.