கட்டளைப் பணமும் உண்டியல் பணமும்: தீப்பெட்டி வட்டாரத்துக்கு வந்த ஜெனீவா நிதி

கோயில் வரவு செலவு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஐ.எல்.ஓ.வின் நிதிக் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். சங்கரன்கோவில் ஆடித்தபசில் இந்த நாள் மண்டகப்படி இன்னாருக்கு என்று இருக்கும். உச்சிக்காலப் பூஜைக்கு என்று ஒருவர் கட்டளை எழுதி வைத்தால், அந்தப் பணத்தை எடுத்து ஒழுகுகிற கூரையை மாற்ற முடியாது. உண்டியலில் விழுகிற காசுக்கு அப்படிப் பெயர் எழுதியிருக்காது.

ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கும் வரவு இப்படித்தான். முதலாவது, உறுப்பு நாடுகள் கட்டியே ஆகவேண்டிய சந்தா. 1919ல் அமைப்பு தொடங்கியதிலிருந்தே இந்தியாவும் கட்டுகிறது. இரண்டாவது, ஒரு நாடு தானாக முன்வந்து, 'இந்த நாட்டில், இந்த வேலைக்கு' என்று எழுதிக் கொடுக்கும் நன்கொடை. அதாவது கட்டளை. மூன்றாவதான உண்டியல் ரொம்ப நாள் இல்லவே இல்லை.

நம்ம பக்கத்துக்கு வந்தது கட்டளைப் பணம்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் எல்லாம் சேர்ந்த கரிசல் பூமி ஒரே தீப்பெட்டி வட்டாரம். விடியும் முன்னே ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் சின்னக் கைகளுக்கான வேலை என்று ஆகியிருந்தது. சலம் பென்னூர்கர் 1990ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இதைத்தான் காட்டியது. மத்திய அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988ல் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே சிவகாசி இருந்தது.

ஐ.எல்.ஓ. இதில் பெரிய அளவில் இறங்கியது ஜெர்மனி பணம் கொடுத்த பிறகு. ஐந்து வருஷத்துக்கு 5 கோடி மார்க். அதை வைத்து 1992ல் ஐபெக் என்ற குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் ஆறு நாடுகளில் ஆரம்பித்தது. இந்தியா அதில் ஒன்று. சந்தாப் பணத்தில் மட்டும் இவ்வளவு பெரிய திட்டத்தை நடத்தியிருக்க முடியாது. சந்தாவும் அப்படி ஒன்றும் நிச்சயமான வரவு இல்லை. 1977ல் அமெரிக்கா கோபித்துக்கொண்டு அமைப்பை விட்டே வெளியேறியபோது பட்ஜெட்டில் கால் பங்கு போய்விட்டது. திரும்பி வந்தது 1980ல்.

அதே அமெரிக்கா 1990களின் நடுவிலிருந்து ஐபெக்குக்குக் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு பெரிய கட்டளைதாரரே அதுதான். 2000ல் இந்தியாவோடு இன்டஸ் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2 கோடி டாலர், இந்திய அரசு 2 கோடி டாலர். களத்தில் வேலை தொடங்கியது 2004ல். 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இடைநிலைப் பயிற்சி மையம், 14 வயதுக்கு மேல் தொழிற்பயிற்சி, தாய்மார்களுக்குச் சேமிப்புக் குழு என்று நல்ல திட்டம்தான். குறை சொல்ல வரவில்லை.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். பத்துத் தொழில்கள்: பீடி, பித்தளை, செங்கல், பட்டாசு, செருப்பு, கண்ணாடி வளையல், பூட்டு, தீப்பெட்டி, கல்குவாரி, பட்டு. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்கள்: காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர். சங்கரன்கோவில் அப்போது திருநெல்வேலி மாவட்டம் (தென்காசி பிரிந்தது 2019ல்தான்). கரிவலம்வந்தநல்லூர் தாண்டி வடக்கே போனால் ராஜபாளையம், அது விருதுநகர் மாவட்டம். கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்டஸ் உண்டு, இந்தப் பக்கம் இல்லை. தீப்பெட்டி வேலை மாவட்ட எல்லை பார்த்தா நடக்குது? திருவேங்கடம் பக்கத்து கிராமங்களுக்குச் சிவகாசியும் சாத்தூரும் கிட்டே, திருநெல்வேலிதான் தூரம். அதோடு, சங்கரன்கோவிலின் சொந்தத் தொழிலான விசைத்தறி அந்தப் பத்திலேயே இல்லை.

இது யாரோ ஒரு அதிகாரியின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. பணம் கொடுப்பவர் தன் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டணும். எங்கே, எத்தனை பிள்ளைகள், எப்போது முடியும் என்று முன்கூட்டியே எழுதித் தரணும். எழுதிய பிறகு கோட்டைத் தாண்ட முடியாது. இன்டஸ் 2009ல் முடிந்தது.

உண்டியல் வந்தது கிட்டத்தட்ட அதே சமயம்தான், 2008ல். பெயர் ஆர்.பி.எஸ்.ஏ., அதாவது முறையான பட்ஜெட்டுக்கு ஒரு துணைக் கணக்கு. நாடு, தொழில் என்று எதையும் குறிக்காமல் இதில் போடலாம். எங்கே தேவை என்பதை ஐ.எல்.ஓ. முடிவு செய்யும். வளர்ச்சி உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளில்தான் செலவழிக்கணும் என்பது ஒரு நிபந்தனை. போடுகிறவர்கள் பெல்ஜியம், டென்மார்க், ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, நார்வே, சுவீடன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகள். மொத்த நன்கொடையில் இது சின்னப் பங்கு. பெரும்பங்கு இன்னும் கட்டளைதான்.

காரணம் தெரியாததில்லை. மண்டகப்படிக்காரர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். உண்டியலில் போட்டவரை யாருக்குத் தெரியும்? இன்னொரு நியாயமும் இருக்கிறது. கட்டு இல்லாத பணம் சம்பளத்திலும் கருத்தரங்கிலும் கரைந்துவிடும் என்று கொடுப்பவர் பயப்படலாம். அந்தப் பயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இருந்தாலும், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் கண்ணில், பட்டியலில் இல்லாமல் போவதும் கரைந்து போவதும் ஒன்றுதான்.

2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டங்களுக்கான மானியங்களை மொத்தமாக ரத்து செய்தது. பல நாடுகளில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு வேலை பாதியில் நின்றது. ஒரே கட்டளைதாரர் கையை இழுத்துக்கொண்டதும், மைய வாடகைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் வேறு தலைப்பிலிருந்து பணத்தை மாற்றிவிட அங்கே வழியில்லை.