இரண்டு குறிஞ்சிக்கு நடுவே ஒரு கேமரா

சிங்கப்பூரிலிருந்து வரும் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு வரிசை உண்டு. முதலில் கோடாலித் தைலம், அடுத்து மைலோ டின், அப்புறம் யாருக்கும் அளவு சரியாக வராத டி-சர்ட்டுகள். 2006 செப்டம்பரில் சித்தப்பா கொண்டுவந்த பெட்டியில், அந்த டி-சர்ட்டுகளில் ஒன்றுக்குள் சுருட்டி வைத்திருந்தது ஒரு கேமரா. வெள்ளி நிறம், உள்ளங்கை அகலம், 5 மெகாபிக்சல், இரண்டு பென்சில் செல். சித்தப்பா அதை முஸ்தபாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வாங்கியிருந்தார். அப்போதெல்லாம் அந்தக் கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும். வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு எந்த நேரம் தோதுப்படும்?

அவருக்கு ஒரே ஒரு காரணம்தான். 1994-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது அவர் சிங்கப்பூரின் துவாஸில் வெல்டிங் வேலையில் இருந்தார். ஊரே மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்த கதையைக் கடிதத்தில் படித்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி பூக்கிறது. அந்த வருஷம் தபால்துறை குறிஞ்சிக்குத் தபால்தலைகூட வெளியிட்டது. “இந்தத் தடவை விடமாட்டேன். படம் எடுத்து வெச்சுக்கணும். என்ன கேமரா வாங்கட்டும், நீயே விசாரிச்சுச் சொல்லு” என்று ஜூலையிலேயே போன் வந்துவிட்டது.

நான் விசாரித்தது திண்டுக்கல்லில் எங்களுக்குக் கல்யாண ஆல்பம் போட்டுத் தரும் ஸ்டூடியோ அண்ணனிடம். எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்போல. அவர் கையை அசைத்து நிறுத்தினார். “தம்பி, நீ போடப்போறது நாலுக்கு ஆறு பிரிண்ட்டுதானே? அதுக்கு ரெண்டு மெகாபிக்சல் தாராளம். அஞ்சுக்கு மேல காசு கொடுக்காதே.” கணக்கு சரிதான். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நாலுக்கு ஆறு என்றால் 1200-ஐ 1800-ஆல் பெருக்க வேண்டும். 21.6 லட்சம் வருகிறது. அந்தக் காலத்துக் கைக்கேமராக்களில் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. அந்த இடத்துக்குள் பத்து மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் குறையும், நிழலான இடமெல்லாம் மணல் தூவியதுபோல் வரும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் வேறு. என்ன கார்டு? எஸ்டி கார்டு என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். சோனிக்கு மெமரி ஸ்டிக், ஒலிம்பஸுக்கும் ஃபியூஜிக்கும் எக்ஸ்டி. அவற்றைத் தேடிக் கொடைக்கானல் பஜாரில் அலைய முடியாது. என்ன பேட்டரி? அந்தந்தக் கம்பெனியின் லித்தியம் பேட்டரி இலகுவானதுதான், ஆனால் மலையில் தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். பென்சில் செல் பெட்டிக்கடையில் கிடைக்கும். ஜூம் எத்தனை என்று கேட்டால் லென்ஸ் ஜூமை மட்டும் எண்ணு, டிஜிட்டல் ஜூம் என்பது படத்தைக் கத்தரித்துப் பெரிதாக்குவது, அதை வீட்டில் கத்தரிக்கோலால் செய்துகொள்ளலாம். கடைசியாக, பிளஸ் மைனஸ் பொத்தான் இருக்கிறதா பார். இது எதற்கு என்று கேட்டேன். “மலைக்குப் போனா தெரியும்” என்றார்.

அந்த வெள்ளிப் பெட்டிக்குள் இருந்த சென்சார் சில்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சிசிடி என்கிற அந்தச் சில்லை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2009-இல், நோபல் வந்தது. 1975-இல் கோடாக் கம்பெனியின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் அப்படி ஒரு சில்லை வைத்து உலகின் முதல் டிஜிட்டல் கைக்கேமராவைக் கட்டினார். கைக்கேமரா என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல், படம் 100-க்கு 100 புள்ளி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. படச்சுருள் விற்றுப் பிழைத்த கம்பெனிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. 2012-இல் அது திவால் மனு கொடுத்தது.

அந்த 2006 அக்டோபரில் ஒரு வேனில் பதினோரு பேர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறினோம். கேமராவோடு வந்த கார்டு 16 எம்.பி., ஆறு படம்தான் பிடிக்கும். நல்லவேளையாக சித்தப்பா 256 எம்.பி. கார்டு ஒன்றும் வாங்கியிருந்தார். அதில் நூறு படம். ஒரு ரோலுக்கு 36 என்று எண்ணி எண்ணி, கண்ணை மூடினவர்களைத் திட்டித் திட்டி எடுத்துப் பழகின குடும்பத்துக்கு நூறு என்பது ஆடம்பரம். டம்டம் பாறையில் வண்டி நின்றதுமே பன்னிரண்டு படம் போய்விட்டது. எதிர்மலையில் வெள்ளைக் கோடாகத் தொங்கும் எலிவால் அருவியை எல்லாரும் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர அருவி அது; எங்கள் படத்தில் தலைமுடி அளவுக்குத்தான் வந்தது. பொறுக்காமல் டிஜிட்டல் ஜூமை அழுத்தினேன். தலைமுடி சணல்கயிறு ஆயிற்று, அவ்வளவே.

கோக்கர்ஸ் வாக்கில் பனிமூட்டம் ஏறியபோதுதான் ஸ்டூடியோ அண்ணனின் பொத்தான் ஞாபகம் வந்தது. கண்ணுக்கு எதிரே பால் பொங்கி வருவதுபோல் வெள்ளை. கேமராவின் திரையில் பார்த்தால் அழுக்குத் துணி. கேமராவுக்கு அது வெள்ளை என்று தெரியாது. எந்தக் காட்சியையும் மொத்தமாகப் பார்த்து, சராசரி சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அந்த அளவுக்கு வெளிச்சத்தை வெட்டிவிடும். பிளஸ் பக்கம் ஒரு படி தள்ளியதும் பனி பனியாயிற்று. ஃபிளாஷ் அடித்தால் இன்னொரு கூத்து. காற்றில் மிதக்கும் நீர்த்துளியெல்லாம் ஒளிர்ந்து, என் அத்தையைச் சுற்றி வட்ட வட்டமாக ஆவிகள் நின்றன. அந்தப் படத்தை அத்தை இன்றும் வேறு விதமாக விளக்குவார்.

பனியோடு வெயிலும் சேர்ந்து வந்தால் கோக்கர்ஸ் வாக்கில் இன்னொன்றும் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், எதிரே பள்ளத்தில் மேகம் நிற்க வேண்டும். நம் நிழலே பெரிதாக மேகத்தில் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் கட்டும். பிராக்கன் நிழல் என்று பெயர். பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் அவரவர் தலைக்குத்தான் வளையம் தெரியும், அடுத்தவர் தலைக்குத் தெரியாது. அன்று எங்களுக்கு அது கிடைக்கவில்லை. செல்தான் தீர்ந்தது. குளிரில் பென்சில் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். எடுத்து அக்குளில் வைத்துச் சூடாக்கிப் போட்டால் இன்னும் பத்துப் படம் ஓடும். சித்தப்பா வெல்டிங் பட்டறையில் கற்ற வித்தையா, தானாகக் கண்டதா தெரியாது, அவர்தான் செய்து காட்டினார்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு மறுநாள் போனோம். ஈழத்துத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, பிறப்பால் வெள்ளைக்காரர், 1936-இல் கட்டிய முருகன் கோயில் அது. மேகம் விலகினால் அங்கிருந்து பழனி தெரியும். அந்தப் பக்கச் சரிவில் குறிஞ்சி நின்றது. சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இவ்வளவு சின்னப் பூவா?” என்றார். ஒற்றைப் பூவைப் பார்த்தால் யாருக்கும் ஏமாற்றம்தான். ஒரு மலையே சேர்ந்து பூப்பதில்தான் அது குறிஞ்சி. அந்தச் சேர்க்கையைக் கேமராவில் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நேரில் ஊதா, திரையில் நீலம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றை வைத்து எல்லா நிறத்தையும் கட்டும் சின்னக் கேமராக்களுக்கு ஊதா எப்போதும் தகராறு. வெண்மைச் சமனை மேகப் படத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் கிட்டே வந்தது. முழுசாக வரவில்லை.

அதே மலையில், ஊரைவிட இன்னும் உயரத்தில், 2,343 மீட்டரில் ஒரு கேமரா பல வருஷமாக ஒரே ஒரு பொருளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம், 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் புகைப்படமாகப் பதிந்து வந்தது. எல்லாம் கண்ணாடித் தகடுகள். சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கே பதிந்த நிறமாலைப் படங்களிலிருந்துதான். சூரியனைத் தெளிவாகப் பிடிக்கக் காலை நேரம் வேண்டும். கொடைக்கானலில் படம் எடுக்கப் போகிறவர்களும் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது, மத்தியானம் மேகம் ஏறிவிடும். பிற்பாடு தகடு போய்ப் படச்சுருள் வந்தது, அதுவும் போய் சிசிடி வந்தது. பழைய தகடுகளை எண்ணிமமாக்கியதும் ஒரு பெரிய சிசிடிதான். எங்கள் சட்டைப்பையில் இருந்த சில்லுக்கு அங்கே ஒரு பெரியப்பா உத்தியோகத்தில் இருந்தார் என்று சொல்லலாம்.

ஊர் திரும்பி, எடுத்த படங்களில் இருபதைத் திண்டுக்கல்லில் அச்சுப் போட்டோம். மீதியைச் சிடியில் எழுதி, சிடியின் மேல் மார்க்கரால் “குறிஞ்சி 2006” என்று எழுதி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தினோம். எட்டு வருஷம் கழித்துப் போட்டுப் பார்த்தால் சிடி சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒன்றும் வரவில்லை. 1904-இன் கண்ணாடித் தகடு இருக்கிறது. 2006-இன் சிடி இல்லை. இருபது பிரிண்ட் மட்டும் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு பிழைத்தன. அதில் நாலு படத்தில் அத்தையின் ஆவிகள்.

கேமரா அதற்குள் பீரோவுக்குப் போயிருந்தது. அதன் இனமே அப்படித்தான் போயிற்று. 2010-இல் ஜப்பானியக் கம்பெனிகள் உலகமெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல், அவற்றில் பெரும்பகுதி இந்தக் கையடக்க வகை. 2023-இல் எல்லா வகையும் சேர்த்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. 2018-இல் மறுபடி குறிஞ்சி பூத்தபோது ஏழு பேர் போனோம், ஏழு போன் போயிற்று. கேமராவை எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா அந்த வருஷமும் துவாஸில்தான் இருந்தார். நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை பதிலாக வந்தது.

2024 மே மாதம் அக்கா மகள் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். “மாமா, இது டிஜிகேம்தானே? சிசிடியா?” கையில் வெள்ளிப் பெட்டி. கல்லூரியில் இதுதான் இப்போது மோஸ்தராம். போன் படம் எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பாக இருக்கிறதாம், இதில் எடுத்தால் பழைய ஞாபகம்போல் வருகிறதாம். அவள் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் செய்த பொருளில் அவளுக்கு என்ன பழைய ஞாபகம் என்று கேட்கவில்லை. செல் போட்டதும் லென்ஸ் கரகரவென்று வெளியே வந்தது. தேதி மட்டும் போய்விட்டது. உள்ளே கடிகாரத்துக்கு இருந்த குட்டி பேட்டரி செத்துப்போய், எப்போது திறந்தாலும் 2006 ஜனவரி 1 என்றது. அவளுக்கு அதுவும் பிடித்திருந்தது.

சித்தப்பா இப்போது ஊரோடு வந்துவிட்டார். உயர்நீதிமன்ற உத்தரவால் அந்த மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். குறிஞ்சி இல்லாத வருஷம்; அடுத்தது 2030. குணா குகைப் பக்கம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் பார்த்துவிட்டு வந்த கூட்டம், போகவே முடியவில்லை. கோக்கர்ஸ் வாக்கில் காலை ஏழரைக்கு நின்றோம். கீழே மேகம், முதுகில் வெயில். முதலில் பார்த்தது சித்தப்பாதான். “ஏய், என் தலையில வளையம்!” அக்கா மகள் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இல்லை தாத்தா, என் தலையில” என்றாள்.

அவள் போனில் எடுத்தாள். போன் தன் புத்திசாலித்தனத்தால் மூட்டத்தைத் துடைத்து, நிழலுக்கு வெளிச்சம் கொடுத்து, வளையத்தைப் பாதி தின்றுவிட்டது. கேமராவில் எடுத்தாள், சாம்பல். “பிளஸ் ஒண்ணு தள்ளு” என்றார் சித்தப்பா, பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம். தள்ளினாள். வளையம் வந்தது, மங்கலாக, ஓரத்தில் லேசாக மணல் தூவி, 2006 ஜனவரி 1 என்ற ஆரஞ்சு எழுத்தோடு. செல் அத்துடன் நின்றது. சித்தப்பா அதைக் கழற்றி ஸ்வெட்டருக்குள் கையை விட்டார்.

இறங்கும்போது பெருமாள்மலையில் பிரிந்து பழனி ரோட்டில் வந்தோம். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கொண்டுபோகக் கூடாது, அடிவாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். மூன்று போனை வைத்தோம். அக்கா மகள் பையிலிருந்து வெள்ளிப் பெட்டியையும் எடுத்து வைத்தாள். வாங்கிக்கொண்டவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன மாடல் போன்மா?”

“போன் இல்லண்ணே, கேமரா.”

“கேமரா மட்டுமா?” என்றவர், டோக்கனை நீட்டினார்.