சேலம்பூர் துணி போன வழி

ஆங்கிலேய, டச்சு வணிகர்களின் பழைய சரக்குக் கணக்குகளில் 'சேலம்பூர்' என்றொரு பருத்தித் துணி அடிக்கடி வரும். சோழமண்டலக் கரையில் கப்பலேறிய துணி அது. அந்தப் பெயர் நம் சேலத்தால் வந்தது என்பார் உண்டு. தெலுங்கில் நெசவாளரைக் குறிக்கும் 'சாலெ'யிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு. சேலத்தில் குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகளில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியத் துணியாகத் தோன்றாது.

வெள்ளையாகவும் போனது, நீலமாகவும் போனது. அவுரித் தொட்டியிலிருந்து தூக்கும்போது துணி பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம் ஏறும். அந்த நீலத்தை இங்கிலாந்தில் உடுத்த முடியாது. சாயமிட்ட இந்தியத் துணிக்கு 1701 முதல் அங்கே தடை. ஆகவே லண்டனில் இறங்கி, வேறு கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கா போனது. அங்கே துணி இறங்கியது, மனிதர்கள் ஏற்றப்பட்டார்கள். இன்னொரு பங்கு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்க் கரும்புத் தோட்ட அடிமைகளின் உடுப்பானது. ஆளுக்கு விலையும் அதுதான், அந்த ஆளின் மேல் கிடந்ததும் அதுதான்.

இந்த அடிமை வணிகத்தை எதிர்த்தவர்களை அன்று எப்படிப் பார்த்தார்கள்? தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளை விசாரித்தார். கைவிலங்கு, விரல் நெரிக்கும் திருகு எல்லாம் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். 1787-ல் லிவர்பூல் துறையில் அவரைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தது ஒரு கும்பல். 1793-ல் பிரபுக்கள் சபையில் மன்னரின் மகன் கிளாரன்ஸ் கோமகன், அடிமை வணிகத்தை ஒழிக்கச் சொல்பவர்கள் வெறியர்கள், இல்லாவிட்டால் வேடதாரிகள் என்றார். ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய வில்பர்போர்ஸைப் பெயர் சொல்லியே அதில் சேர்த்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இவர்களுக்கு, அந்தப் புரட்சியின் தீவிரவாதிகளைக் குறித்த ஜாக்கோபின் என்ற பட்டமும் கிடைத்தது. நிதானக்காரர்கள் செய்தது என்ன? 1792-ல் ஒழிப்புத் தீர்மானத்தில் 'படிப்படியாக' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். வணிகம் 1807 வரை நடந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கப்பலேற்றப்பட்டவர்களை நினைத்தால், வெறியர் என்று பேர் வாங்கியவர்கள் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.

அடிமை முறையையே ஒழித்த பிரிட்டனின் 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி நிலங்களை விட்டுவிட்டது. 1792 முதல் கம்பெனியிடம் இருந்த சேலமும் அதில் அடக்கம். இங்கே அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீங்கியது 1843-ல்தான்.

ஆனாலும் ஆளைக் கட்டிப்போடும் வழி ஒழிந்துவிடவில்லை. இன்று பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் 'பாக்கி' என்றால் தொழிலாளி வேலையில் சேர வாங்கும் முன்பணம். அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போவது கடினம். கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், கலெக்டர் ஆபீசில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.